போர்கன் புது சீசன்: கிரீன்லாந்து எண்ணெய்க் கதையில் எது நிஜம், எது கற்பனை?

கேள்வியைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன்: "போர்கன் தொடரின் புது சீசன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய மூன்று சீசன்களும் பார்த்ததில்லை. கிரீன்லாந்தில் எண்ணெய் கிடைத்ததற்கு டென்மார்க் அமைச்சர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்? எண்ணெய் கிரீன்லாந்துக்காரர்களுடையது என்கிறார்கள், எடுக்கவும் கூடாது என்கிறார்கள். இதில் எது நிஜம்? நாயகி பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறதா?"

எண்ணெய் கற்பனை. அதைச் சுற்றி வரும் சட்டம், பணம், பயம், பழைய புண் எல்லாம் ஏறக்குறைய நிஜம். நாயகி பிர்கிட்டே நைபோர்க்கின் பாத்திரத்தைக் கெடுத்தது வேண்டுமென்றே செய்த காரியம். என்னைக் கேட்டால் இந்த சீசனின் உருப்படியான வேலையே அதுதான். இனி விரிவாகச் சொல்கிறேன். கதையின் போக்கைத் தொடாமல் இதை விளக்க முடியாது, ஆனால் கடைசி எபிசோடில் என்ன ஆகிறது என்பதை மட்டும் உடைக்க மாட்டேன்.

முன்கதை கொஞ்சம். போர்கன் டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டி.ஆர். தயாரித்தது. 2010 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்தது 2011, மூன்றாவது 2013. ஒவ்வொன்றும் பத்து எபிசோட், ஞாயிறு இரவு ஒளிபரப்பு, நாடே உட்கார்ந்து பார்த்தது. உருவாக்கியவர் ஆடம் பிரைஸ். அவரை டென்மார்க்கில் பாதிப் பேருக்கு சமையல் நிகழ்ச்சிக்காரராகத்தான் தெரியும். அண்ணனோடு சேர்ந்து டிவியில் வெண்ணெயை அள்ளிப் போட்டுச் சமைப்பவர். அப்படிப்பட்ட மனிதர் கூட்டணி பேரத்தை வைத்து ஒரு தொடர் எழுதி, அது 2012இல் பிரிட்டனின் பாஃப்டா விருதை வாங்கியது.

மூன்றோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். 2020இல் நெட்ஃப்ளிக்ஸ் உள்ளே வந்தது. டி.ஆருக்கும் பணக் கஷ்டம்: 2018இல் அங்கே ஆட்சியிலிருந்த வலதுசாரிகள் அதன் நிதியில் ஐந்தில் ஒரு பங்கை வெட்ட முடிவெடுத்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து எடுத்த எட்டு எபிசோட்தான் நீங்கள் பார்ப்பது. டென்மார்க்கில் 2022 பிப்ரவரியில் வந்தது, மற்ற நாடுகளுக்கு அதே ஆண்டு ஜூனில். நெட்ஃப்ளிக்ஸில் இது பழைய தொடரின் கீழே வராமல் தனித் தலைப்பாக இருப்பதால், பலர் உங்களைப் போலவே நேராக இதில் வந்து விழுகிறார்கள்.

அங்கே ஆட்சி எப்படி அமைகிறது என்று தெரியாமல் பார்த்தால் பாதி வசனம் கைநழுவிப் போகும். டென்மார்க் நாடாளுமன்றமான ஃபோல்கெடிங்கில் 179 இடங்கள். டென்மார்க்குக்கு 175, கிரீன்லாந்துக்கு 2, ஃபாரோ தீவுகளுக்கு 2. இரண்டு சதவீத வாக்கு வாங்கினாலே ஒரு கட்சி உள்ளே வந்துவிடலாம், அதனால் பத்துக்கும் மேற்பட்ட கட்சிகள் உட்கார்ந்திருக்கும். தனிக் கட்சி பெரும்பான்மை என்பதை அந்த நாடு நூறு ஆண்டுக்கும் மேலாகப் பார்த்ததில்லை. ஆட்சி அமைக்க நம்பிக்கை வாக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. உனக்கு எதிராக 90 பேர் திரளாமல் இருந்தால் போதும். முதல் சீசனின் இரண்டாவது எபிசோடுக்குத் தலைப்பே ‘90 வரை எண்ணு’.

இது டிவி சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பர் 1 அன்று நடந்த நிஜத் தேர்தலில், பிரதமர் மெட்டே ஃப்ரெடரிக்சனின் இடதுசாரி அணிக்கு டென்மார்க்கில் கிடைத்தது 87. ஃபாரோவிலிருந்து ஒன்று, கிரீன்லாந்திலிருந்து இரண்டு. மொத்தம் சரியாக 90. ஐம்பத்தாறாயிரம் பேர் வாழும் ஒரு தீவின் இரண்டு உறுப்பினர்கள் கோபன்ஹேகனில் கணக்கைத் தீர்மானித்த இரவு அது. கிரீன்லாந்தை ஏன் இவ்வளவு தாங்குகிறார்கள், அதே சமயம் ஏன் இவ்வளவு அலட்சியமாகவும் இருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

தொடரில் இலுலிசாட் பக்கத்தில் பெரிய எண்ணெய் வயல் அகப்படுகிறது. இலுலிசாட் நிஜ ஊர். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, சுமார் ஐந்தாயிரம் பேர் வாழும் மீன்பிடி ஊர். வாசலிலேயே பனிமலைகள் மிதந்து போகும் கடற்கழி. அந்தக் கடற்கழி 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். உலகம் சூடாவதைப் பார்க்க வேண்டுமென்றால் தலைவர்களும் விஞ்ஞானிகளும் புகைப்படக்காரர்களும் போய் நிற்கும் இடம் அதுதான். அங்கேயே எண்ணெய் வருகிறது என்று வைத்தது ஆடம் பிரைஸின் குறும்பு. வேறெங்கே கிடைத்திருந்தாலும் இவ்வளவு தர்மசங்கடம் வந்திருக்காது.

நிஜத்தில் கிரீன்லாந்தில் விற்கும் அளவுக்கு எண்ணெய் எவருக்கும் கிடைத்ததில்லை. ஸ்காட்லாந்தின் கெய்ர்ன் எனர்ஜி 2010, 2011 ஆண்டுகளில் மேற்குக் கரைக்கு அப்பால் எட்டுக் கிணறுகள் தோண்டியது. நூறு கோடி டாலருக்கு மேல் கரைந்தது, எண்ணெய் வரவில்லை. 2021 ஜூலையில் கிரீன்லாந்து அரசு இனி எண்ணெய் தேடப் புதிய உரிமம் கிடையாது என்று அறிவித்துவிட்டது. தொடர் வெளிவருவதற்கு ஏழு மாதம் முன்பே, கதையின் மையப் பிரச்சினைக்கு நிஜ அரசு மூடி போட்டுவிட்டது. ஆனால் தொடரில் நடக்கும் சண்டை எண்ணெயோடு நிற்பதில்லை. அந்த இடத்தில் யுரேனியம் என்று வைத்தாலும், அரிய மண் தாதுக்கள் என்று வைத்தாலும் வசனம் பெரிதாக மாறாது. 2021 ஏப்ரலில் கிரீன்லாந்துத் தேர்தலே தெற்கிலுள்ள குவானர்சுயிட் சுரங்கத்தை வைத்துத்தான் நடந்தது. அரிய மண் எடுத்தால் யுரேனியமும் சேர்ந்து வரும், வேண்டாம் என்ற கட்சி ஜெயித்தது. அந்த ஆண்டு இறுதியில் யுரேனியத்துக்குத் தடைச் சட்டமும் வந்தது.

"எண்ணெய் அவர்களுடையது, ஆனால் எடுக்கக் கூடாது" என்ற குழப்பத்துக்கு வேர் 2009ஆம் ஆண்டின் சுயாட்சிச் சட்டத்தில் இருக்கிறது. கிரீன்லாந்து 1953 வரை காலனி. அந்த ஆண்டு அரசியல் சட்டத்தைத் திருத்தி டென்மார்க்கின் ஒரு மாவட்டம் என்று ஆக்கினார்கள். 1979இல் உள்ளாட்சி உரிமை. 2008 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பேர் ஆம் என்றதால், 2009 ஜூன் 21 முதல் சுயாட்சி. இந்தச் சட்டப்படி மண்ணுக்கடியில் இருப்பதன் உரிமை கிரீன்லாந்துக்கு. வெளியுறவும் பாதுகாப்பும் டென்மார்க்கிடம். அதே சட்டத்தில், விரும்பினால் தனி நாடாகிக்கொள்ளலாம், முடிவு கிரீன்லாந்து மக்களுடையது என்றும் எழுதியிருக்கிறது. அதற்கான உடன்பாட்டுக்கு டென்மார்க் நாடாளுமன்றமும் சம்மதிக்க வேண்டும்.

அப்புறம் பணம். டென்மார்க் ஆண்டுதோறும் கிரீன்லாந்துக்குக் கொடுக்கும் மானியம் ஏறக்குறைய 400 கோடி குரோனர் (டென்மார்க் நாணயம்). அங்கே அரசு செலவில் பாதி அதில்தான் ஓடுகிறது. மீதிக்கு மீனும் இறாலும்; ஏற்றுமதியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கடல்தான். கனிம வருமானம் வந்தால் முதல் 7.5 கோடி குரோனர் முழுக்க கிரீன்லாந்துக்கு. அதற்கு மேல் வருவதில் பாதியை டென்மார்க் தன் மானியத்தில் கழித்துக்கொள்ளும். வேலைக்குப் போன பிள்ளையிடம், "நீ சம்பாதிப்பதில் பாதியை நான் தரும் காசில் குறைத்துக்கொள்கிறேன்" என்று அப்பா சொல்வது மாதிரி. கழித்துக் கழித்து மானியம் பூஜ்யமாகும் நாளில், இருவருக்கும் இனி என்ன உறவு என்று உட்கார்ந்து பேச வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆக, எண்ணெய் என்றால் விடுதலைக்கான விலை. தொடரில் கிரீன்லாந்து அமைச்சர் ஹான்ஸ் எலியாசன் பேச்சுவார்த்தை மேசையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். அவருக்கு அது எரிபொருளே இல்லை. டென்மார்க் குழு சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் முகத்தைக் கவனியுங்கள். ‘நீங்கள் என்ன சொல்லவருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்’ என்ற ஒரு சலிப்பு அதில் இருக்கும்.

அந்தச் சலிப்புக்கு நியாயம் உண்டு. டென்மார்க் 1972 முதல் வட கடலில் எண்ணெய் எடுத்து வருகிறது. பிரிட்டன் வெளியேறிய பிறகு ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிக எண்ணெய் எடுத்த நாடு அதுதான். 2020 டிசம்பரில், 2050க்குள் நிறுத்திவிடுவோம் என்று அறிவித்து உலகத்தின் பாராட்டை வாங்கிக்கொண்டது. அரை நூற்றாண்டு சாப்பிட்டு ஏப்பம் விட்டவர், இலை போட்டு இப்போதுதான் உட்காருகிறவனிடம் உடம்புக்கு ஆகாது என்கிறார். இந்த வாதத்துக்குத் தொடரில் எந்த டேனிஷ் பாத்திரத்தாலும் பதில் சொல்ல முடிவதில்லை. எழுதியவர்களும் பதில் இருப்பதுபோல் நடிக்கவில்லை. பூமிக்கு இன்னொரு எண்ணெய் வயல் ஆகாது என்பதும் உண்மைதான். இரண்டு நியாயத்தையும் ஒரே மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது.

அடுத்து அந்நியப் பணம். தொடரில் எண்ணெய் நிறுவனத்தைத் துருவினால் ரஷ்யத் தொடர்பு வருகிறது, அப்புறம் சீனா, சீனா என்றதும் அமெரிக்கா. சிலர் இதை ‘ஓவர்’ என்கிறார்கள். நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். 2016இல் தெற்கு கிரீன்லாந்தில் கைவிட்ட ஒரு கடற்படைத் தளத்தை ஒரு சீன நிறுவனம் வாங்க வந்தது. டென்மார்க் சட்டென்று விற்பனையையே நிறுத்தி, அந்த இடம் எங்களுக்கு மறுபடியும் தேவை என்றது. 2018இல் கிரீன்லாந்தின் தலைநகர் நூக், இலுலிசாட் விமான நிலையங்களைக் கட்டும் போட்டியில் ஒரு சீன அரசு நிறுவனம் இறுதிப் பட்டியல் வரை வந்தது. வாஷிங்டன் முகம் சுளித்தது. உடனே டென்மார்க் 70 கோடி குரோனர் போட்டு, விமான நிலைய நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது. அதற்கு முன்னால் வராத பணம் அது. கூட்டணிச் சண்டையில் ஒரு கிரீன்லாந்துக் கட்சி ஆட்சியை விட்டு வெளியேறியதே இந்தப் பணத்தை ஏற்பதா என்ற கேள்வியில்தான்.

இதிலிருக்கும் பூட்டு புரிகிறதா? கனிமம் நூக் அரசின் அதிகாரம். ஆனால் வாங்க வருகிறவர் யார் என்ற கேள்வி எழுந்ததும், "இது பாதுகாப்பு விஷயம்" என்று கோபன்ஹேகன் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். எது வியாபாரம், எது பாதுகாப்பு என்று கோடு போடும் பேனா டென்மார்க் கையில். புது சீசனின் எட்டு எபிசோடும் இந்தப் பேனாவுக்கான சண்டை என்று சொன்னால் மிகையில்லை.

வடக்கே அமெரிக்கத் தளம் ஒன்று இருக்கிறது. தொடர் எடுத்த காலத்தில் அதன் பெயர் தூலே, 2023 முதல் பிட்டுஃபிக். 1951 ஒப்பந்தப்படி அமெரிக்கா அங்கே இருக்கிறது. முதல் சீசனின் நான்காவது எபிசோட் முழுக்க இந்தத் தளத்தைப் பற்றியது: சி.ஐ.ஏ. கைதிகளை ஏற்றிய விமானம் அங்கே இறங்கிப் போனது என்ற தகவல் கசிகிறது. புதிதாகப் பிரதமரான பிர்கிட்டே நைபோர்க் கிரீன்லாந்துக்குப் பறக்கிறார், அங்கே இருப்பவர்களின் நிலையைப் பார்த்து மனம் இளகுகிறார், திரும்பி வருகிறார். 2010இல் அது மனதைத் தொட்ட எபிசோட். இப்போது பார்த்தால் கொஞ்சம் கூசும். ஒரு நல்ல டேனிஷ் பெண்மணி போய்க் கண் கலங்கினால் கணக்கு தீர்ந்தது என்ற தோரணை அதில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே எழுத்தாளர் அதே தீவுக்குத் திரும்பிப் போய், அந்தக் கண்ணீர் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். நான் இந்த சீசனைப் படிப்பது அப்படித்தான்.

அதனால்தான் நாயகி மாறியாக வேண்டியிருந்தது.

முதல் சீசனின் முதல் எபிசோடில் பிர்கிட்டே எப்படி அறிமுகமாகிறார் என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். தேர்தல் நெருங்கும் நேரம். அன்றைய பிரதமர் லண்டனில் மனைவி வாங்கிய பொருளுக்கு அவசரத்தில் அரசாங்கக் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிடுகிறார். அந்த ரசீது பிர்கிட்டேயின் ஆலோசகர் காஸ்பர் யூல் கையில் சிக்குகிறது. அவர் கொண்டுவந்து நீட்டுகிறார்; ஜெயித்துவிடலாம். பிர்கிட்டே தொட மறுக்கிறார். காஸ்பர் அதைத் தொழிலாளர் கட்சித் தலைவர் மைக்கேல் லாகெசனிடம் தள்ளிவிட, நேரலை விவாதத்தில் அவர் ரசீதைத் தூக்கிக் காட்டுகிறார். பிரதமரும் நாறுகிறார், லாகெசனும் நாறுகிறார். எழுதி வைத்த உரையை ஓரம் வைத்துவிட்டு மனதிலிருந்து பேசிய பிர்கிட்டே பிரதமராகிறார். காஸ்பரை வேலையை விட்டு அனுப்புகிறார். இந்த ஒரு ரசீதில்தான் பழைய ரசிகர்களின் மொத்தக் காதலும் இருக்கிறது.

புது சீசனில் அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பழைய கட்சியை விட்டு வந்து தானே தொடங்கிய புதிய ஜனநாயகவாதிகள் கட்சிக்குத் தலைவி, வெளியுறவு அமைச்சர். மேலே பிரதமராக சிக்னே கிராக்: வயதில் இளையவர், சமூக ஊடகத்தில் கெட்டி, பெண் தலைமை என்ற பெருமையைத் தனக்கென எடுத்துக்கொண்டவர். இரண்டு பெண்கள், இரண்டு கட்சி, ஒரே அரசு. பிர்கிட்டே முதலில் கொள்கைப்படி எண்ணெய் வேண்டாம் என்கிறார். பதவி ஆடத் தொடங்கியதும் அதே வாயால் எண்ணெய்க்கு ஆதரவு சொல்லவேண்டி வருகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு படியாக இறக்கம். அந்த ரசீது லாகெசனையே பிற்பாடு ஆலோசனைக்குக் கூப்பிடுகிறார். இந்தக் காட்சியில் பழைய ரசிகர்கள் டிவியைப் பார்த்துத் திட்டுகிறார்கள் என்றால் எழுதியவர்கள் நினைத்தது நடந்துவிட்டது.

மகன் மாக்னுஸ் பக்கத்துக் கதையும் இதற்குத்தான். அவன் இப்போது சுற்றுச்சூழல் போராளி, லாரியில் போகும் பன்றிகளைத் திறந்துவிட்டு போலீஸில் மாட்டுகிறான். டென்மார்க்கில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். பன்றி ஏற்றுமதி அந்த நாட்டின் பெரிய தொழில். அதனால் அது வெறும் வாலிபக் குறும்பாக எடுபடாது, ஓட்டுக்கு வலிக்கும். அம்மாவின் பழைய கொள்கைகளை அம்மாவிடமே திருப்பிக் கேட்கும் பையன். கொஞ்சம் வெளிப்படையான உத்திதான், ஆனால் வேலை செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது உடம்பு விஷயத்தை மறைக்காமல் காட்டியது. மாதவிடாய் நிற்கும் வயது. முக்கியமான கூட்டத்தின் நடுவே உடல் கொதித்து வியர்த்துக் கொட்டும், சட்டை நனையும், முகத்தில் எதுவும் காட்டாமல் அடுத்த வாக்கியத்தைப் பேசியாக வேண்டும். சிட்ஸே பபெட் கனுட்சன் இதை நடித்திருக்கும் விதத்தில் பரிதாபம் கோருகிற சாயலே கிடையாது. எரிச்சல் மட்டும். அதிகாரத்திலிருக்கும் நடுவயதுப் பெண்ணை இவ்வளவு சாதாரணமாக எத்தனை தொடர்கள் காட்டியிருக்கின்றன?

குறைகளும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையாளர் கத்ரீனே ஃபோன்ஸ்மார்க் இப்போது டிவி1 சேனலில் செய்திப் பிரிவின் தலைவி. கீழிருப்பவர்களோடு முட்டல், சமூக ஊடகத் தாக்குதல், மன அழுத்தம் என்று அவருடைய தடம் போகிறது. பிர்கிட்டேயின் கதைக்கு நிழல்போல இருக்கட்டும் என்று வைத்தது தெரிகிறது. ஆனால் எட்டு எபிசோடில் அதற்கு இடமில்லை, அரைவேக்காடாக நிற்கிறது. காஸ்பர் யூல் இந்த சீசனில் இல்லவே இல்லை; அவரும் கத்ரீனேயும் எதிரெதிரே நின்ற காட்சிகளின் பொறி இதில் கிடையாது. பழைய சீசன்களில் ஒரு எபிசோடுக்கு ஒரு பிரச்சினை, முடிந்தால் அடுத்தது. இங்கே எட்டுக்கும் ஒரே பிரச்சினை, அதனால் நடுவில் நாலாவது ஐந்தாவதில் கொஞ்சம் தொய்வு.

பெரிய குறை கிரீன்லாந்தைக் காட்டிய விதத்தில். நாம் அதைப் பெரும்பாலும் பார்ப்பது அஸ்கர் கிர்கெகோர் என்ற டேனிஷ் ஆர்க்டிக் தூதரின் கண் வழியாக. அவருக்கு ஒரு காதல், கிரீன்லாந்து அரசில் வேலை பார்க்கும் எம்மியோடு. அந்நிய அதிகாரி, உள்ளூர்ப் பெண், பின்னால் பனிமலை: இந்தச் சூத்திரத்துக்கு வயது அதிகம். எம்மிக்கும் எலியாசனுக்கும் புத்தியும் வாயும் கொடுத்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் வீட்டுக்குப் போய் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேமரா அதிகம் போய்ப் பார்க்கவில்லை. டேனிஷ் மனசாட்சியைப் பற்றிய தொடர் என்ற அளவில் இது நேர்மையானது. கிரீன்லாந்தைப் பற்றிய தொடர் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய புண் என்று மேலே சொன்னேனே, அதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், தொடரில் வரும் கசப்பு அப்போதுதான் பிடிபடும். 1951இல் 22 கிரீன்லாந்துக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, ‘நல்ல டேனிஷ்காரர்களாக’ வளர்க்க டென்மார்க் கொண்டுபோனார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2020இல். 1960களிலும் 70களிலும் ஆயிரக்கணக்கான கிரீன்லாந்துப் பெண்களுக்கு, பள்ளிச் சிறுமிகள் உட்பட, பலருக்குத் தெரியாமலும் கேட்காமலும் கருத்தடைச் சாதனம் பொருத்தினார்கள். இது பெரிய அளவில் வெளியே வந்தது 2022 மே மாதம், டி.ஆர். வெளியிட்ட ஒரு பாட்காஸ்ட் வழியாக. டென்மார்க்கில் இந்த சீசன் ஒளிபரப்பாகி முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குப் பிரதமரின் மன்னிப்பு வர 2025 ஆனது.

தொடர் வந்த காலத்தையொட்டி நிஜத்தில் நடந்தவை இன்னும் வேடிக்கை. முன்னாள் பிரதமர் லார்ஸ் லோக்கே ராஸ்முசன் தன் பழைய கட்சியை விட்டு வெளியேறி, நடுநிலைக் கட்சி ஒன்றைத் தொடங்கினார். வைத்த பெயர் மாடரேட்டர்னே. தொடரில் பிர்கிட்டேயின் முதல் கட்சியின் பெயரும் மாடரேட் கட்சிதான்! 2022 தேர்தலில் 16 இடம் பிடித்தார். ஆறு வாரப் பேரத்துக்குப் பிறகு அந்த டிசம்பரில் அமைந்த அரசில் அவருக்குக் கிடைத்தது வெளியுறவு. முன்னாள் பிரதமர், புதுக் கட்சித் தலைவர், பெண் பிரதமரின் கீழ் வெளியுறவு அமைச்சர். பாலினத்தை மட்டும் மாற்றினால் பிர்கிட்டே நைபோர்க். இந்தப் பொருத்தத்தைத் திரைக்கதையில் யாராவது எழுதியிருந்தால் மிகைப்படுத்தல் என்று வெட்டியிருப்பார்கள். முதல் சீசன் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது: திரையில் பெண் பிரதமர் வந்து ஒரு வருடத்தில், 2011 அக்டோபரில், ஹெல்லே தோர்னிங்-ஷ்மிட் நாட்டின் முதல் பெண் பிரதமரானார்.

அந்த லோக்கேயிடம்தான் 2025இல் கிரீன்லாந்துப் பிரச்சினை முழு பலத்தோடு வந்து விழுந்தது. டிரம்ப் 2019லேயே தீவை வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டு, ஃப்ரெடரிக்சன் அதை அபத்தம் என்றதும் கோபித்துக்கொண்டு டென்மார்க் பயணத்தை ரத்து செய்தவர். அப்போது எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் முறை ஆட்சிக்கு வந்ததும் சிரிக்க முடியவில்லை. 2025 மார்ச் 11 அன்று கிரீன்லாந்தில் தேர்தல் நடந்து, விடுதலையை நிதானமாகப் பார்க்கலாம் என்ற ஜனநாயகக் கட்சி முதலிடம் வந்தது. அந்த மாதக் கடைசியில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் பிட்டுஃபிக் தளத்தில் வந்து நின்று, டென்மார்க் அந்தத் தீவைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று குறை சொன்னார். கோபன்ஹேகனுக்கு இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், அந்தக் குறையை எலியாசன் மாதிரியான ஆட்கள் பல ஆண்டாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், வேறு நோக்கத்தோடு.

எதைப் பார்க்கலாம் என்பதற்கு வருகிறேன். புது சீசன் தனியாகவே புரியும், நிறுத்த வேண்டாம். ஆனால் இறக்கம் வலிக்க வேண்டுமென்றால் ஏறிய இடம் தெரிந்திருக்க வேண்டும். நேரமில்லை என்றால் முதல் சீசனில் ஒன்று, இரண்டு, நான்கு, பத்து ஆகிய எபிசோட்கள் போதும். ஒன்றில் ரசீது, இரண்டில் கூட்டணிப் பேரம், நான்கில் கிரீன்லாந்து, பத்தில் அந்தப் பதவிக்காக வீட்டில் கொடுத்த விலை. மூன்றாவது சீசனின் முதல் எபிசோடையும் சேர்த்துக்கொண்டால் புதுக் கட்சி எப்படிப் பிறந்தது என்று தெரிந்துவிடும். நேரம் இருந்தால் இரண்டாவது சீசனை முழுக்கப் பாருங்கள், மூன்றில் சிறந்தது அதுதான் என்பது என் கட்சி.

ஆங்கில டப்பிங்கில் பார்க்காதீர்கள். டேனிஷ் ஒலியை வைத்து, கீழே எழுத்து ஓட விடுங்கள். அஸ்கர் அறையில் இருக்கும்போது எல்லோரும் டேனிஷ் பேசுவார்கள்; அவருக்குக் கேட்க வேண்டாத விஷயம் வந்தால் கிரீன்லாந்துக்காரர்கள் தங்கள் மொழிக்கு மாறிவிடுவார்கள். டப்பிங்கில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டு, பேச்சுவார்த்தைக் காட்சிகளின் உயிரே போய்விடும்.